குத்தூசி போட்டுப் பாருங்கள்

கேள்வி: வீடு வாங்க நல்ல தரகரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், மண்ணச்சநல்லூர்

பதில்: அரிசி ஆலை ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? சாக்கில் அச்சடித்த படத்தைப் பார்த்தா பொன்னி வாங்குகிறீர்கள்? குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டி, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பீர்கள் அல்லவா? தரகருக்கும் அதே வைத்தியம்தான்.

"முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டாச்சா?" என்று ஒரு குத்து. "அதெல்லாம் கிளீன் சார், டீ சாப்பிடுங்க" என்றால், டீயை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். (பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். அவரிடம் சொல்லாமல் பார்ப்பது உத்தமம்.)

கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வீடு காட்டினால், அடிமனை யாருடையது என்று கேளுங்கள். சுவர் நம்முடையது, தரை ரங்கநாதருடையது என்ற தகராறு அங்கே வெகுகாலமாக உண்டு. கேட்டதும் அவர் முகம் போகிற போக்கைக் கவனியுங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான புது மனைப்பிரிவு என்றால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி தரகருக்கும் பதிவு எண் வேண்டும்.

கமிஷனை முதல் நாளே பேசிவிடுங்கள். விற்பவரிடமும் வாங்குகிறாரா என்றும் கேட்டுவையுங்கள்.

வாங்குவார்.