பங்காளி இல்லாத தொட்டி

வாய்யா பேராண்டி, உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, தொட்டியில எவனோ செத்துட்டான். ஏஞ்சலா? ரெண்டா? சொல்லிவிட்டிருந்தா நானே துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு இழவு கேக்க வந்திருப்பேன்.

அப்பத்தா காப்பி கொண்டாருவா, குடி. உனக்குச் சீனி போட்டு வரும். எனக்கு ஒரு மாசமா சீனி கிடையாது. சுகர் கிகர்னு நெனைக்காத, அது வேற விவகாரம். அப்புறமாச் சொல்றேன்.

நீ செஞ்ச காரியத்த ஒருவாட்டி சொல்லிப் பாக்குறேன், தப்புன்னா திருத்து. புதுக் குடித்தனம் போன வீட்டுக்கு நாலடித் தொட்டி வாங்குன. வாஸ்துக்கு ஒரு ஃபிளவர்ஹார்ன். அது தனியாக் கெடந்து ஏங்குமேன்னு ரெண்டு ஆஸ்கர். அழகுக்கு நாலு ஏஞ்சல். கலருக்கு ஆறு மஞ்ச மலாவி. "எல்லாம் ஒண்ணா இருக்குமாண்ணே?"ன்னு கடைக்காரன்கிட்ட கேட்ட. "தாராளமா இருக்கும்"னான். அவன் பொய் சொல்லல. பையில கட்டிக் குடுத்தப்ப அததுவும் தனித்தனிப் பையில ஒண்ணாத்தான இருந்துச்சு!

இதுக அம்புட்டும் ஒரே குலம். சிக்லிட்டுன்னு பேரு. உலகத்துல 1,700 வகைக்கு மேல இருக்கு. ஒரே குலம்னா ஒத்துப்போகும்னு நெனச்ச பாரு, அங்கதான் நீ படிச்ச பிள்ளைன்னு தெரியுது. கோர்ட்டு வாசல்ல வருசக்கணக்கா நிக்கிறவன் பூராம் யாரு? ஒரே குலந்தான்.

தொட்டி மீனுதான் இப்பிடின்னு நெனைக்காத. வைகை டேம் ஜிலேபி மீனக் குழம்பு வச்சுத் திங்கிறியே, அதுவும் இந்தக் குலந்தான். பூர்வீகம் ஆப்பிரிக்கா, மொசாம்பிக் பக்கம். 1952-ல நம்ம மண்டபத்துல கொண்டாந்து விட்டாங்க. இன்னைக்கு அது இல்லாத கம்மா ஏது? கரையோரம் தண்ணி தெளிஞ்சிருக்கிற நாளாப் பாத்துக் குந்தி உக்காந்து பாரு. ஆம்பள மீனு கருத்துப் போயி, தொண்டை மட்டும் வெளுத்துத் திரியும். வாயில மண்ண அள்ளி அள்ளித் துப்பி, தட்டு மாதிரி ஒரு குழி பறிக்கும். பொம்பள வந்து முட்டை போட்டு, அத வாயிலயே அள்ளிக்கிட்டுப் போயிரும். குஞ்சு வளர்றதெல்லாம் அவ வாய்க்குள்ளதான். நம்மாளு குழிக்குக் காவல் நிப்பாரு. உள்ள ஒரு முட்டை கிடையாது. ஆனா எட்டிப் பாத்த எவனையும் விட மாட்டாரு. வெள்ளாமையே இல்லாத காட்டுக்கு ராத்திரிக் காவல் போற ஆளுக நம்ம ஊர்லயும் உண்டு.

மலைக்கு அங்கிட்டுக் கேரளாவுல கரிமீன், பள்ளத்தின்னு ரெண்டு இருக்கு. அதுகளும் இந்தக் குலந்தான், நம்ம நாட்டுப் பிறப்பு. பள்ளத்திக் குஞ்சு, கரிமீன் ஒடம்புல ஒட்டுற பூச்சியக் கொத்தி எடுத்துச் சுத்தம் பண்ணிவிடும். கரிமீனும் சொகமா நின்னு காட்டும். அதே பள்ளத்தி, கரிமீன் கொஞ்சம் அசந்தா அது போட்ட முட்டையத் தின்னுரும். முதுகு தேச்சுவிடுறவனே முட்டையையும் திங்கிறான். பங்காளின்னா வேற என்னவாம்?

சரி, உன் தொட்டிக்கு வருவோம். அன்னைக்கு வந்தப்ப, வாஸ்து மீனுதானேன்னு கண்ணாடியில ஒரு வெரல வச்சேன். நெத்தியில வடை அளவுக்குப் புடைப்ப வச்சுக்கிட்டு டொம்முன்னு வந்து முட்டுச்சு பாரு, பொடி டப்பா கீழ விழுந்துருச்சு. அது ஆத்துலயும் பிறக்கல, ஏரியிலயும் பிறக்கல. மலேசியாக்காரன் 1990-கள்ல பல சாதி மீன ஒட்டுப்போட்டு உண்டாக்குன ஒட்டு ரகம். சொந்தமா ஒரு ஊரே இல்லாததால உன் தொட்டி மொத்தத்தையும் ஊருன்னு எழுதிக்கிச்சு. அதுக்குக் கூட்டாளி தேடாத. தனித் தொட்டி குடு, மகராசனா இருக்கும்.

ஆஸ்கரு பரவாயில்ல, ஆனா ஓரடி வளருவான். அவன் கணக்கு ரொம்ப லேசு. வாய்க்குள்ள போறதெல்லாம் தீனி, போகாததெல்லாம் சொந்தக்காரன். ஏஞ்சல் குட்டி எந்தக் கணக்குல வரும்னு நீயே பாத்துக்க.

அடுத்தது தண்ணி. மலாவிக்காரனுக்கு ஆப்பிரிக்காவுல பாறை ஏரித் தண்ணி, கெட்டித் தண்ணியா இருக்கணும். நம்ம போர்த் தண்ணி, வாளியில வெள்ளையாப் படியுமே, அது அவனுக்குப் பாயசம். போருக்குன்னே பிறந்தவனுக்குப் போர்த் தண்ணி ஒத்துக்குறதுல அதிசயம் என்ன இருக்கு? ஆஸ்கரும் ஏஞ்சலும் அமேசான் காட்டு ஆளுக. முல்லையாத்துத் தண்ணி மாதிரி லேசான தண்ணிதான் அதுகளுக்குச் சொகம். ரெண்டு தண்ணிக்காரன ஒரே மடையில விட்டா என்ன ஆகும்னு இந்தப் பள்ளத்தாக்குல பிறந்த உனக்கா நான் சொல்லணும்?

மஞ்ச மலாவியில ஒண்ணு மத்த அஞ்சையும் வெரட்டுதுன்னியே, அதுக்கு என்ன செய்வ? அஞ்ச நாலாக் கொறைப்ப. அதான் இல்ல. கூட்டு! லோயர் கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் ஒரே ஆத்த நம்பி ரெண்டு போகம் வெளையுது. அத்தன வயலுக்கும் பாயுற தண்ணியில ஒருத்தனையே குறி வச்சு மல்லுக்கட்ட எவனுக்கு நேரம்? வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துல உன் கால மிதிச்சவனத் தேடிப் பிடிச்சு அடிக்க முடியுமா? அடிக்க ஓங்குறதுக்குள்ள அடுத்தவன் மிதிச்சிருப்பான். நாலடித் தொட்டியில இருபது மலாவி கெடந்தா, அடி ஆளுக்குக் கொஞ்சமாப் பங்காயிரும். ஆறே ஆறு கெடந்தா அம்புட்டு அடியும் ஒருத்தன் தலையில. ஆனா ஒண்ணு, கூட்டம் கூடுனா குப்பையும் கூடும். பில்டரு பெருசா வேணும், வாரந்தவறாமத் தண்ணி மாத்தணும். ஒரு ஆம்பளைக்கு மூணு நாலு பொம்பள இருக்கணும். இந்த ஏற்பாடு மீனுக்கு மட்டும்ப்பா, உன் மாமனாருகிட்டப் போயி ஒளறி வைக்காத.

புதுசா மீன் விடுறன்னிக்கு உள்ள கெடக்கிற கல்லு, பானை ஓடு பூராத்தையும் இடம் மாத்தி அடுக்கு. எல்லைக்கல்லப் பிடுங்கி மாத்தி நட்ட கதைதான். பழைய ஆளுகளுக்கும் பட்டா செல்லாதுன்னு ஆயிரும். அவனவன் தன் இடத்தத் தேடி அலையுற அவசரத்துல, புதுசா வந்தவன யாரும் ஏன்னு கேக்க மாட்டான். அப்பிடியும் ஒருத்தன் செட்டைய ஒடுக்கிக்கிட்டு, தீனிக்கும் வராம, மேல மூலையில பில்டர் குழாய ஒட்டியே நிப்பான். அவன அன்னைக்கே எடுத்துரு. அவன் சாமியாராகல, சாகப் போறான்.

கடைசியா ஒண்ணு. நம்ம ரிட்டயர்டு வாத்தியார் சொன்னாரு. லோரென்ஸ்னு ஆஸ்திரியாக்காரர் ஒருத்தரு, 1973-ல நோபல் வாங்குனவரு. சண்டைக் குணத்தப் பத்தியே 1963-ல ஒரு புத்தகம் போட்டிருக்காராம். தொட்டிய நடுவுல கண்ணாடி வச்சுத் தடுத்து, இங்கிட்டு ஒரு சோடி, அங்கிட்டு ஒரு சோடி சிக்லிட்டு வளத்திருக்காங்க. ஆம்பள ரெண்டும் கண்ணாடி வழியா நாள் பூராம் மொறைச்சுக்கிட்டே கெடக்கும், அவனவன் பொண்டாட்டிகிட்ட மட்டும் தங்கமா இருக்கும். நாள்பட நாள்படக் கண்ணாடியில பாசி ஏறிருச்சு. எதுத்த வீட்டுக்காரன் கண்ணுக்குத் தெரியல. அம்புட்டுக் கோவமும் கட்டுன பொண்டாட்டி மேல திரும்பிருச்சு! பாசியத் தொடச்சுவிட்டதும் குடும்பம் மறுபடி செழிச்சிருச்சாம்.

அதனால உன் தொட்டியில சண்டைய ஒழிக்கணும்னு பாக்காத. அது குலச்சொத்து, ஒழியாது. பங்கு வை. இல்லையா, நல்லதா ஒரு எதிராளியக் காட்டிவிடு. உனக்கும் அதேதான். அக்கம்பக்கம் யாருன்னே தெரியாத வீட்டுல நீயும் புதுப்பொண்ணுமாத் தனியா இருக்கீக. பக்கத்து வீட்டுக்காரன் வண்டிய வாசல மறிச்சு நிறுத்துனா ரெண்டு பேரும் சேந்து திட்டுங்க. அதுல ஒரு ஒத்துமை வரும்.

எனக்கு எப்பிடித் தெரியும்ங்கிறியா? மேல வீட்டுக்காரனுக்கும் நமக்கும் நாப்பது வருசமா வேலித் தகராறு. உங்க அப்பத்தா காலையில எந்திரிச்சதும் அந்த வேலியப் பாத்து ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் அடுப்பு பத்த வைப்பா. காப்பி அம்புட்டு ருசியா இருக்கும். போன மாசம் அவன் வீட்டப் பூட்டிட்டு மகன்கூடக் கோயம்புத்தூர் போயிட்டான்.

அந்தா வர்றா. டம்ளர வைக்கிற சத்தத்தக் கேட்டியா?

நீ போறப்ப அவனுக்கு ஒரு போனப் போடு. வேலி விவகாரம் இன்னும் முடியல, தாத்தா உங்களத் தேடுறாருன்னு சொல்லு.