நன்னன் ஊருக்குப் போன கோஷ்டி

1974-இல் நியூயார்க்கில் தோல் ஜாக்கெட்டும் கிழிந்த ஜீன்ஸுமாக நான்கு பேர் கிளம்பினார்கள். ராமோன்ஸ் என்று பெயர். பாட்டு ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷக் கூச்சல். 1980-இல் ஆசை யாரை விட்டது, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் போய் மெருகேற்றிக்கொண்டார்கள். அது சரிப்படாமல் 1984-இல் 'டூ டஃப் டு டை' ஆல்பத்தில் பழைய இரைச்சலுக்கே திரும்பினார்கள். வேருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று கொண்டாட்டம். செங்கத்துக்காரர்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். அவர்கள் மலையின் இரைச்சலைப் பாட்டாக்கும் வேலையைச் சங்க காலத்திலேயே ஒருவர் முடித்துவிட்டார்.

அவர் பெருங்கௌசிகனார். பாட்டு மலைபடுகடாம், பத்துப்பாட்டில் கடைசி, 583 அடி. செங்கத்துத் தலைவன் நன்னனிடம் ஆடிப்பாடிப் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தர், வயிறு காய்ந்து எதிரே வருகிற கோஷ்டியை மடக்கி, "நேரே அங்கே போங்கய்யா" என்கிறார். இன்றைக்கு எந்தக் கச்சேரிக்காரராவது அடுத்த கோஷ்டிக்குப் பார்ட்டியின் போன் நம்பர் தருவாரா?

முழவு, ஆகுளி, கொம்பு, தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று தோளில் மூட்டை. புலவர் கண்ணுக்கு அது பலாக்காய்க் கொத்து. கூட வரும் விறலியரின் பாதத்துக்கு அவர் சொன்ன உவமை, இளைத்த நாயின் நாக்கு. பாராட்டுத்தான். விறலியர் என்ன பதில் சொன்னார்களோ, பாட்டில் இல்லை.

வழியில் பன்றிப்பொறி, பாம்பு, பாசி வழுக்கும் பாறை. போதாக்குறைக்குத் தினைப்புனத்தில் யானை விரட்ட வீசும் கவண்கல். மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள் என்கிறார். மேடையில் பாட்டில் வீசும் நாகரிகம் பிறகு வந்தது. ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை: தினைச்சோறு, நெய்யில் வெந்த கறி, மூங்கில் குழாயில் விளைந்த கள்.

இவ்வளவும் சொன்னவர், அப்புறம் மலையிடமே மைக்கைக் கொடுத்துவிடுகிறார். அருவியில் குதிக்கும் பெண்களின் சத்தம். புலி கீறிய கணவனின் புண் ஆறப் பாடுகிற கொடிச்சி. தினை குற்றுகிறவர்களின் வள்ளைப்பாட்டு. நாட்டுக்காளையும் காட்டுக்காளையும் முட்டிக்கொள்ள, கோவலரும் குறவரும் போடும் விசில். சேம்பும் மஞ்சளும் காக்கப் பன்றிப்பறை. கரும்பாலையில் கழை நொறுங்கும் ஓசை. யாரும் சுருதி சேர்க்கவில்லை, யாரும் யாருக்காகவும் நிறுத்தவில்லை. மதயானை போல மலையே இரைகிறது. பாட்டுக்குப் பெயரும் அந்த இரைச்சலின் பெயர்தான். கூத்தராற்றுப்படை என்று ஒழுங்கான இன்னொரு பெயர் உண்டு, யார் சொல்கிறார்கள்?

செலவு செய்த நன்னனுக்குக் கடைசியில்தான் இடம். தாராளன்தான், குறை சொல்லக்கூடாது: தலைவனுக்குப் பொற்றாமரை, விறலியருக்கு நகை, எத்தனை நாள் தங்கினாலும் முதல் நாள் உபசரிப்பு.

1889-இல் உ.வே.சா. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே செங்கம் ரிஷபேஸ்வரர் கோயில் கல்வெட்டில் நன்னன் மலையோடு சேர்த்து இந்தப் பாட்டையும் வெட்டி நினைவுகூர்ந்துவிட்டார்கள். ராமோன்ஸுக்குக் கிடைத்தது பத்திரிகை விமர்சனம் மட்டும்தான்.