மெட்ரோ படம் பொய் சொல்கிறதா?

கேள்வி: தில்லி மெட்ரோ படத்தில் சாலை இல்லை, தூரம் இல்லை, வளைவும் இல்லை. இதுவும் ஒரு வரைபடமா?
- ஒரு வாசகர், லோதி ரோடு, புது தில்லி

பதில்: சுரங்கத்துக்குள் போகிறவருக்குத் தலைக்கு மேல் எந்தச் சாலை வளைந்தால் என்ன? எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது, கேள்வி மூன்றுதான். லண்டனில் ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-ல் இதைப் பிடித்துக்கொண்டார். தடங்களை நேராக்கினார், நெரிசலான நகர மையத்தை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். முதலில் மறுத்த நிர்வாகம் 1933-ல் அச்சிட்டது. இன்று உலகத்து மெட்ரோக்கள் பலவும் அவர் வழியில்தான்.

'இப்படிச் சுருக்கினால் ஆள் ஏமாறமாட்டாரா?' என்பீர்கள். ஏமாறுவார், உங்கள் சாலையே சாட்சி. மஞ்சள் தடத்து ஜோர் பாகிலிருந்து ஊதாத் தடத்து ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குப் படத்தை நம்பிப் புறப்பட்டால், வடக்கே சென்ட்ரல் செக்ரடேரியட் வரை போய், வண்டி மாறி, மறுபடி தெற்கே வரவேண்டும். தரையிலோ இரண்டுக்கும் நடுவே லோதி ரோடு சிவனே என்று கிடக்கிறது. அதற்காகக் குறைப்பதே குற்றம் ஆகிவிடாது. எதைக் குறைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். 2009-ல் லண்டன் படத்திலிருந்து தேம்ஸ் நதியை நீக்கினார்கள். ஊரே கொதித்தது, நதி திரும்பி வந்தது. நதியில் யாரும் ரயில் ஏறுவதில்லை. ஆனால் தாம் எந்தக் கரையில் இருக்கிறோம் என்று அதுதான் சொல்லும். தில்லிப் படத்துக்கும் லோதி ரோடு என்று ஒரு புள்ளிக்கோடு போதும். நஷ்டம், மெட்ரோ டிக்கெட் வசூலுக்கு மட்டும்!