லயத்துக் காம்பராவும் மும்மட்டமும்: ஒரு தரையியல் ஆய்வு

இலங்கையில் தேயிலையை உயரத்தை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி வரை தாழ்நிலம், 4,000 அடி வரை இடைநிலம், அதற்கு மேல் மேல்நிலம். நுவரெலியாவும் ஹட்டனும் மேல்நிலம். அந்தக் கொழுந்தைப் பறிப்பவர்களின் வீட்டுக்குள்ளேயும் மூன்று மட்டங்கள் இருக்கின்றன. அவற்றை எந்த அறிஞரும் அளந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்களம்: தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம். முன்னால் இஸ்தோப்பு என்னும் திண்ணை, 10க்கு 12 அடியில் ஒரு காம்பரா, அதாவது அறை, பின்னால் குசினி. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து மூலபாடம், இடித்துச் சாணம் மெழுகிய மண் தரை. மற்றதெல்லாம் இடைச்செருகல்: மண்ணின் மேல் சிமெந்து, சிமெந்தின் மேல் சிவப்புக் காவி, காவியின் மேல் டைல். எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்றறிய, காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போதும். அம்மா 50 வயதில் எடுத்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு இஸ்தோப்பில் சிமெந்தாகக் கிடக்கும். கொழும்புக் கடையில் நிற்கும் மகன் அனுப்பியது காம்பராவில் டைலாகப் பளபளக்கும். குசினிக்கு வருவதற்குள் காசு முடிந்திருக்கும்; ஆகவே குசினி தாழ்ந்திருக்கும். இரண்டு தரைகளின் உயர வித்தியாசம் என்பது இரண்டு காசுகளுக்கு இடையே ஓடிய வருடங்களே என்பது என் கருதுகோள்.

மேசன் பாஸ்மார் இதை மறுக்கிறார்கள். குசினியில் ஊற்றிய தண்ணீர் காம்பராவுக்குள் ஏறாமல் கானுக்கு ஓட வேண்டும், அதற்காகவே தாழ்த்துகிறோம் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். அப்படியானால் சில வீடுகளில் இஸ்தோப்பு காம்பராவை விட ஓர் அங்குலம் உயர்ந்து மழைத்தண்ணீரை உள்ளே அழைப்பது ஏன் என்று கேட்டால், பாஸ் பீடி பற்றவைக்கிறார்.

இனி, இரண்டு தரைகளின் இணைப்பு. இதில் படிவாதிகள், சரிவுவாதிகள் என இரு பள்ளிகள். சரிவுவாதி, டைல் விளிம்பிலிருந்து குசினித் தரை வரை கலவையைச் சாய்த்துப் பூசிக் கரண்டியால் இழுத்துவிடுவார். பார்க்க அழகு, ஜூன் மாதத் தென்மேற்கு மழை வரைக்கும்தான். டைலுக்கு அடியில் சிமெந்து, குசினிக்கு அடியில் வெறும் மண். ஈரத்தில் மண் ஒரு பக்கம் அசையும், சிமெந்து அசையாது. கலவை கத்தி முனை போல மெலிந்து முடியும் இடம்தான் முதலில் பெயரும். வாசல்காலில் ஒரு மரக்கட்டையைப் பதித்து, இரண்டு தரையையும் அதில் முட்டி நிற்க விட்டால் பிரச்சினை பாதி தீரும். நடைமுறையில் வழங்குவது மூன்றாவது பள்ளி: வெடிப்பின் மேல் ஒரு பழைய சாக்கு.

தரை ஏற ஏறக் கதவு திறக்காது. அப்போது கதவுக்கும் அடியில் கவ்வாத்து வெட்டுவார்கள். தேயிலைச் செடி மறுபடி துளிர்க்கும். கதவு துளிர்க்காது, எலி நுழையும்.

களச்சோதனை எளிது. கரண்ட் போன இரவில் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து காம்பராவுக்கு வருபவர் தடுக்காவிட்டால் வீட்டுக்காரர். தடுக்கினால் புது மருமகள்.

எல்லாவற்றையும் தோண்டி ஒரே மட்டமாக்கினால் என்ன? தோட்டங்கள் 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தத்தில் அரசிடம் போயின; 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு வந்தது. லயம் மட்டும் குடியிருப்பவர் பெயருக்கு வரவில்லை. தன் பெயரில் இல்லாத வீட்டுக்கு அத்திவாரத்திலிருந்து யார் தரை போடுவார்? கையில் உள்ள காசுக்கு மேல்பூச்சுத்தான்.

இப்போது லயத்துக்குப் பதிலாக 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள் வருகின்றன. இன்னும் 10,000 வீடுகள் என்று இந்தியப் பிரதமர் மோடி 2017 மே 12 அன்று நோர்வூட்டில் அறிவித்தார். அந்த வீடுகளில் தரை ஒரே மட்டம் என்றார்கள். ஆய்வாளனுக்குப் பிழைப்புப் போயிற்றே என்று பதறினேன். பின்பக்கம் விறகடுப்புக்குத் தகரக் கொட்டகை இறக்குகிறார்களாம், தரை நாலு அங்குலம் பள்ளமாம். இரண்டாம் பாகம் எழுத இடம் இருக்கிறது.