மூன்று நட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை

பழைய டீசல் காரின் டர்போவை வீட்டு வாசலிலேயே கழற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்புகள். அறிகுறிகள் தெரிந்தவைதான். மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. ஆக்சிலேட்டரை மிதித்தால் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு. டர்போ போய்விட்டது, வேறென்ன? இதற்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்களா?

புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூட்டுக்காற்றைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூகி 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சின்ன காரில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2,00,000 சுற்று வரை சுற்றும். டர்போவைப் பிடித்து வைத்திருக்கும் நட்டு பன்னிரண்டு வருஷமாக ஒரு சுற்றுகூடச் சுற்றியதில்லை. உங்களுக்கு வேலை அந்த நட்டோடுதான்.

நல்ல நாள் பாருங்கள். ஞாயிறு உத்தமம். ராகு காலம் மாலை நாலரைக்கு, அதற்குள் முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லலாம். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எஞ்சின் ஆறட்டும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். குறுக்கே இரண்டு மூன்று ரப்பர் குழாய்கள் நிற்கும். கிளாம்பைத் தளர்த்தினால் சமர்த்தாகக் கையோடு வந்துவிடும். இவ்வளவு சுலபமாக வருவதில் நமக்கென்ன பெருமை? அவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டு மேலே நடங்கள்.

இனி துரு. டர்போ உட்கார்ந்திருக்கும் இடத்தில் புகையின் சூடு 700 டிகிரியைத் தொடும். இரவில் ஆறும், காலையில் மறுபடி காயும். வீடு திருவான்மியூர் பக்கம் என்றால் கடற்காற்று உப்பையும் தூவிவிட்டுப் போகும். இரும்பு துருவானால் முன்னைவிட அதிக இடம் பிடிக்கும். நாலு நாள் தங்க வந்த உறவினர் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொண்ட மாதிரி, நட்டுக்கும் மரைக்கும் நடுவில் அது குடியேறிவிட்டிருக்கும். கிளப்புவது லேசில்லை.

பன்னிரண்டு முனை ஸ்பானரை அண்டவிடாதீர்கள். மூலையை மட்டும் கவ்வி, ஆறு பக்க நட்டைக் கோலிக்குண்டாக்கிக் கையில் கொடுத்துவிடும். ஆறு முனை பாக்ஸ் ஸ்பானர்தான் சரி. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தபின் எந்தப் பக்கம் தளர்த்துவது என்ற குழப்பம் வரும். வந்தே தீரும். நான் கால் மணி நேரம் ஒரு நட்டை மனப்பூர்வமாக இறுக்கியிருக்கிறேன்.

இதற்குள் தெருவே கூடியிருக்கும். வாட்ச்மேன் மண்ணெண்ணெய் என்பார். மாடி வீட்டு ரிடையர்டு என்ஜினியர், ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி என்பார். (பக்கத்தில் பீடி பற்றவைப்பவரை நகர்த்திவிட்டு அதைக் கலக்குங்கள்.) எதை ஊற்றினாலும் ஒரு ராத்திரி ஊறவேண்டும். இட்லி மாவுக்குக் காட்டும் பொறுமையை ஒரு நட்டுக்கு ஏனோ நாம் காட்டுவதில்லை. பத்து நிமிஷத்தில் ஸ்பானரை எடுத்துவிடுகிறோம்.

முதல் நட்டு வரும். இரண்டாவது, தான் ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். அதுவும் லாபம்தான்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முதலில் அசையாது. தம் பிடித்து இழுத்தால் திடீரென்று இளகும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் அத்தனை மெதுவாக, அத்தனை இதமாகச் சுற்றும். உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு மலரும். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். துருவேறிய நட்டு கழலும்போது முனகும், உரசும், 'கிறீச்' என்று கத்தும். இதமாகச் சுற்றுவது நட்டு அல்ல, உள்ளே முறுகிக்கொண்டிருக்கும் ஸ்டட். பிறகு 'டக்'. ரொம்பச் சின்ன சத்தம்தான், ஆனால் சமையலறை வரை கேட்கும். மரை கழன்றது எதற்கு என்று உள்ளேயிருந்து ஒரு கேள்வி வரும். காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள்.

உடைந்த ஸ்டட்டின் நட்டநடுவில் பஞ்ச் அடித்து, துளை போட்டு, உடைந்ததைக் கவ்வி வெளியே எடுக்கும் ஈஸி-அவுட்டை இறக்குங்கள். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். அதுவும் உள்ளே உடையும். அது கடினமாக்கிய எஃகு. இனி உங்கள் டிரில் பிட் அதன்மேல் வழுக்கும், இறங்காது.

இப்போது, மூன்றாவது ஞாயிறன்று, வெல்டிங் பட்டறை அண்ணனைக் கூப்பிடுங்கள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். உடைந்த கட்டையின்மேல் புது நட்டு ஒன்றை வைத்து உள்ளே பற்றவைப்பார். 8 மில்லிமீட்டர் ஸ்டட் 600 டிகிரி ஏறினால் விட்டம் சுமார் 0.06 மில்லிமீட்டர்தான் கூடும், ஒரு தாளின் பருமனில் பாதிக்குச் சற்று மேல். அந்த நெரிசலில் துரு நொறுங்கும். ஆறியதும் ஸ்டட் சுருங்கும். முன்னும் பின்னும் அசைத்து அசைத்து, ஈஸி-அவுட்டோடு சேர்த்தே உருவிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

ஆயில் குழாய்களைக் கழற்றினால் டர்போ கையில் வந்துவிடும். குழாய்க்குள் கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆயில் கிடைக்காமல் புது டர்போவும் சில நிமிஷங்களில் போய்ச் சேரும். செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

புதியதை மாட்ட மெக்கானிக் வருவார். பழசைக் கையில் வாங்கி, விரலால் சக்கரத்தைத் தட்டுவார். சத்தமே இல்லாமல் சுற்றும். தண்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார். ஆட்டம் இருக்காது. பிறகு அவர் பார்வை கொடிப் பக்கம் போகும். ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து லேசாக மடக்குவார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு அது வாய் பிளக்கும்.

"உஸ்ஸுனு சத்தம் வந்துச்சா சார்?"

பதில் சொல்லவேண்டாம். டீயில் சர்க்கரை போடலாமா என்று கேளுங்கள்.