பிரசர் மிஷின் என்ன பாவம் செஞ்சுது?

வாரும் மாப்ளே. புது பிரசர் மிஷினு 168-ன்னு காட்டிட்டாம், கடைக்காரன் சட்டையைப் பிடிக்கக் கிளம்பிட்டீராமே? போறதுக்கு முந்தி அஞ்சு நிமிசம் வாயைத் தொறக்காம இங்கன உக்காரும். உம்மால முடியாதுன்னு தெரியும். வம்பே அதுலதான் இருக்கு.

நீரு பிரசர் பாத்த லட்சணத்தைத் திண்ணையிலருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மாடியிலருந்து தடதடன்னு எறங்கி வந்தீரு. ஒரு கையில டீ. காதுல செல்போனு, அந்தப் பக்கம் பங்காளி, வரப்புத் தகராறு. கால் மேல கால் போட்டு, முழுக்கைச் சட்டை மேலயே பட்டையைச் சுத்தி, கையைத் தொங்கவிட்டுக்கிட்டு பட்டனை அமுக்கினீரு. 168-ஓட விட்டுச்சேன்னு மிஷினுக்கு ஒரு கும்பிடு போடும்.

டீ, காப்பி, பீடி எல்லாத்தையும் அரை மணிக்கு முந்தியே முடிச்சிரும். ஒண்ணுக்கு முட்டினா போயிட்டு வாரும். அடக்கிக்கிட்டு உக்காந்தாலும் எண்ணு ஏறும். முதுகைச் சாச்சு, ரெண்டு காலையும் தரையில ஊணி, கையை மேசை மேல வையும். பட்டை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். கை கீழ போனா கூடுதலாக் காட்டும், மேல போனா குறைச்சலாக் காட்டும். உடனே கையைத் தூக்கிப் பிடிக்கலாம்னு கணக்குப் போடாதீரும், உம்ம முழியே சொல்லுது.

அடுத்தது பட்டை. எங்க அக்கா ஊத்துன நெய்யில உம்ம புஜம் உலக்கையாட்டம் கெடக்கு. பட்டைக்குள்ள இருக்க காத்துப்பை கைச்சுற்றுல 80 சதவீதமாவது வளைஞ்சு வரணும். சின்னப் பட்டையை இழுத்துச் சுத்தினா இல்லாத பிரசரைக் காட்டும். தோளுக்கும் கை முட்டிக்கும் நடுவுல டேப்பு வச்சு அளந்து, பட்டையில போட்டிருக்க சென்டிமீட்டரோட ஒத்துப் பாரும்.

இதுக்கே சலிச்சுக்கிடுதீரே, அந்தக் காலத்துல குதிரை பட்ட பாடு தெரியுமா? ஸ்டீபன் ஹேல்ஸ்னு இங்கிலாந்துப் பாதிரியாரு. குதிரையை மல்லாக்கக் கட்டிப் போட்டு, தொடை நாளத்துல பித்தளைக் குழாயைச் சொருகி, அதுல கண்ணாடிக் குழாயை நிமித்தி வச்சாரு. ரத்தம் எட்டடிக்கு மேல ஏறிச்சுன்னு 1733-ல புஸ்தகம் போட்டாரு. அப்புறம் 1905-ல ரஷ்யாவுல கொரோட்கோவ்னு டாக்டரு, பட்டைக்குக் கீழ ஸ்டெதாஸ்கோப்பை வச்சுக் கேட்டாரு. காத்து எறங்கும்போது முதச் சத்தம் கேக்குறது மேல் அளவு, சத்தம் அடங்குறது கீழ் அளவு. உம்ம பட்டன் மிஷினுக்குக் காது கிடையாது வே. நாளத்துத் துடிப்பு பட்டையை அசைக்கிற அசைவைத்தான் கணக்கெடுக்குது. நீரு கையை ஆட்டி ஆட்டிப் பங்காளியைத் திட்டினா அது எதைன்னு எண்ணும்?

ஒரு தடவை பாத்துட்டு ஒப்பாரி வைக்கவும் கூடாது, குதிக்கவும் கூடாது. காலையில மாத்திரைக்கு முந்தி, சாயங்காலம் ஒரு நேரம். ஒரு நிமிசம் விட்டு ரெண்டு ரெண்டு தடவை. ஏழு நாள் எழுதி, முத நாளைத் தள்ளிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடும். வீட்டுக் கணக்குல 135-க்கு 85 எட்டிட்டா டாக்டருகிட்ட நோட்டைக் காட்டும். வெள்ளைக்கோட்டைக் கண்டாலே எகிறுறவங்களும் உண்டு, அதுக்கும் இந்த நோட்டுதான் சாட்சி. 180-க்கு 120 தாண்டி, நெஞ்சுவலியும் சேந்து வந்தா நோட்டைத் தேடாதீரும், ஆஸ்பத்திரிக்கு ஓடும்.

முதல் தடவை ரெண்டு கையிலயும் பாரும். கூடுதலாக் காட்டுற கையிலதான் இனிமே பாக்கணும். நீரு குறைச்சலாக் காட்டுற கையைத்தான் நீட்டுவீருன்னு தெரியும். அதான் நோட்டையும் பேனாவையும் அக்காகிட்ட கொடுத்துட்டேன்.