கம்பம் பள்ளத்தாக்கில் பிரெஞ்சு ஒலிப்பு: ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் மாணவர்களில் பலர் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுப்பது ஊரறிந்த செய்தி. எடுத்த மறுவாரமே கேள்விகள் கிளம்பும்: எழுதிய எழுத்தை ஏன் சொல்வதில்லை? மூக்கால் எப்படிப் பேசுவது? மேசை எப்படிப் பெண்ணானது? கூடலூரிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பாதி விடை கிடைத்துவிடும் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

2. வரலாற்றுப் பின்னணி

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ரகத்தை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். கொடியோடு ஒலிப்பும் வந்து இறங்கியதா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள். நிதி ஒதுக்கினால் பார்க்கலாம்.

3. தரவுகள்

(அ) ஊமை எழுத்து: 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் 'இல்ஸ் பார்லென்ட்' என்று எழுதிவிட்டு 'இல் பார்ல்' என்பார். நம் மாணவர் திகைப்பார். அவரே பரீட்சைத் தாளில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டு, வாசலில் நின்று "வந்துக்கிட்டிருக்காங்கடா" என்பார். உதிர்ந்த எழுத்துகளுக்காக இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.

(ஆ) மூக்கொலி: "அவன் போனான்" என்று வழக்கம்போல் சொல்லிப் பாருங்கள். சொல்லின் கடைசி 'ன்' வரும்போது நாக்கு மேலே தொடாது. ஒலி மூக்கோடு முடிந்துவிடும். 'போன்ஜூர்' என்பதில் வரும் 'போன்' அதேதான். பின்னால் உயிரெழுத்து வந்தால் ஒளிந்திருந்த 'ன்' வெளியே வரும்: தமிழில் அவன், அவனா; பிரெஞ்சில் போன், போனமி (நல்ல நண்பர்). மெய்யீற்றுப் புணரியல் எழுதியபோது நன்னூலார் பாரிஸை நினைக்கவில்லை எனத் துணிந்து கூறலாம்.

(இ) மரியாதை: 'த்யூ' (நீ), 'வூ' (நீங்கள்) குழப்பம் நமக்கு வேண்டாம். அம்மாவுக்கு நீ, வாத்தியாருக்கு நீங்க. வீரபாண்டி கௌமாரியம்மனையும் 'நீ' என்றுதான் வேண்டுகிறோம். பிரெஞ்சுக் கிறிஸ்தவரும் கடவுளை 'த்யூ' என்றே அழைக்கிறார்.

(ஈ) எண்: 97-ஐ 'நாலு இருபது, பத்து, ஏழு' என்பது பிரெஞ்சு வழக்கம். சிரிக்குமுன் ஒன்று: நூற்றை எட்டாத எண்ணுக்குத் தொண்ணூறு என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

4. எதிர்ச்சான்று

பாலில் கருதுகோள் படுத்துவிடுகிறது. தொல்காப்பியர் அஃறிணைக்கு ஆண், பெண் பார்க்காமல் ஒன்று, பல என்று விட்டுவிட்டார். பிரெஞ்சிலோ திராட்சையும் மிளகும் ஆண். வாழைப்பழமும் ஏலக்காயும் பெண். இதைப் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் விளக்கினால் இப்படித்தான் கேட்பார்: "நாங்க எட்டு எம்எம்மா, ஏழு எம்எம்மான்னுதான சலிக்கிறோம்? ஆணு பொண்ணு எந்தச் சல்லடைல நிக்கும்?" இதற்கு எந்த இலக்கண நூலிலும் விடையில்லை.

5. முடிவும் பரிந்துரையும்

ஒலிப்பில் பள்ளத்தாக்கு முதல் வகுப்பில் தேர்ச்சி, பாலில் அரியர். ஆகவே மாணவர்களே, ஆண்பாலுக்கு 'லெ', பெண்பாலுக்கு 'லா' இரண்டையும் சொல்லோடு ஒட்டியே மனப்பாடம் செய்யுங்கள். காரணம் கேட்காதீர்கள், பிரெஞ்சுக்காரருக்கும் தெரியாது.